நாகவல்லியின் பந்தல்

கல்யாணமான மூன்றாம் நாள், புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே நாகவல்லியை உட்காரச் சொன்னார்கள். இலை ஓரத்தில் மென்று துப்பிய முருங்கைச் சக்கை கிடந்தது. மோரில் ஊறிய பருக்கைகளை விரலால் வழித்து நக்கிய தடம் அப்படியே இருந்தது. சொந்தபந்தம் எல்லாம் கூடத்தில் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பதினைந்து வயதுப் பெண் இலையை மடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“கொமட்டுது அத்தே,” என்றாள் மாமியாரிடம். “வேற எல குடு. இல்லன்னா பட்டினியா கீறேன்.”

மாமியார் அவளுக்குச் சொந்த அத்தைதான். குத்தம்பாக்கத்திலிருந்து அண்ணன் மகளைக் கேட்டுக் கட்டிக்கொண்டு வந்தவள். வேறு யார் வீட்டுப் பெண்ணாயிருந்தாலும் அன்றைக்கே வண்டி கட்டித் திருப்பி அனுப்பியிருப்பாள். முணுமுணுத்துக்கொண்டே வேறு இலை போட்டாள். அன்று முதல் அயனம்பாக்கத்தில் நாகவல்லிக்கு ‘ச்சீ வல்லி’ என்று பேர் விழுந்தது.

அதற்காக அவளைத் தொட்டாற்சுருங்கி என்று நினைக்கக் கூடாது. சாணியில் முழங்கை வரை கைவிட்டு வறட்டி தட்டுவாள். எருமை கன்று ஈனும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கன்றை இழுத்துப் போடுவாள். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி எறிவாள். மாடும் மண்ணும் அவள் வயிற்றைப் புரட்டியதில்லை. மனுஷர் வாயிலிருந்து வருவதுதான் புரட்டும். எச்சில், ஏப்பம், சளி, சில சமயம் பேச்சு.

புருஷன் ஜெயராமனுக்கு ஏரிக்கரைக்கு அந்தண்டை ஒரு செங்கல் சூளை இருந்தது. கெட்டவன் என்று சொல்ல முடியாது. அடித்ததில்லை, குடித்துவிட்டு உருண்டதில்லை. பெரிய மனுஷர் யார் வந்தாலும் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பான், அவ்வளவுதான். ஒரே மகள் தாட்சாயிணியைப் பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்தாயிற்று. அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் ஆவடிப் பக்கம் எங்கே பார்த்தாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததால் சூளை அணையாமல் எரிந்தது. நாகவல்லி அடுப்பங்கரையில் கிடந்தாள். அதற்கு ஜன்னல் கிடையாது. ஈர விறகுப் புகையில் கண் சிவந்து, காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. அம்பத்தூரில் ஒரு வைத்தியர் பார்த்துவிட்டு, சாயந்திரத்தில் காற்றாட வெளியில் உட்காரச் சொன்னார்.

எங்கே உட்காருவது? வாசலில் எப்போதும் ஆம்பிளைகள். கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு ஆள் குந்த இடம் இருந்தது. அங்கே வெயில் ஆறு மணி வரை சுவரைச் சுட்டுக்கொண்டிருக்கும். வீட்டின் வடக்கே மட்டும் ஒரு பெரிய புங்கமரம் இருந்தது. ஏரியிலிருந்து வரும் காற்று நேராக அதன் அடியில்தான் நுழையும். ஆனால் அந்த இடத்தை யாரும் இடமாகவே நினைத்ததில்லை. சூளைக்கு வருகிற வண்டிக்காரர்கள் எல்லாரும் மூத்திரம் போவது அங்கேதான். சாம்பல், உடைந்த சட்டி, மீன் செதிள், எச்சில் இலை எல்லாம் அங்கேதான் விழும். நாய்கள் அதைக் கிளறிப் பரப்பி வைத்திருக்கும்.

“அந்த மரத்தடிய எனக்கு உட்டுடு மாமா,” என்றாள் ஒரு நாள்.

ஜெயராமன் சிரித்தான். “இன்னாமே, அந்த நாத்தத்துல உக்காந்துகினு இன்னா பண்ணப் போற? நீ ஒரு ஈ ஒக்காந்தாலே சோத்தக் கொட்டறவ!”

“நாத்தத்த எடுத்துடுவேன்.”

எடுத்தாள். சூளையில் கல் சுமக்கும் கன்னியம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டாள். கன்னியம்மாளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை. அதிகம் பேச மாட்டாள். பேசினால் சிரிக்கும்படி ஏதாவது இருக்கும். இரண்டு பேரும் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியைப் போட்டார்கள். மேல்மண்ணைத் திருப்பியதும் எழுந்த காரநெடியில் நாகவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. புழு நெளியும் எலும்பும் அழுகிய துணியும் கூடை கூடையாக வந்தன. நாகவல்லி வேலிக்கு ஓடி ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி வெட்டினாள்.

“அக்கா, நீ எடுக்கற வாந்தியவும் சேத்து நான்தானே வாரணும்? செத்த ஒக்காரு,” என்றாள் கன்னியம்மாள்.

முழங்கால் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்துப் போட்டார்கள். பள்ளத்தில் ஏரி மணலையும் சூளைச் சாம்பலையும் கொட்டித் திமிசு போட்டு இறுக்கினார்கள். தாகமெடுத்தால் நாகவல்லி செம்பைத் தூக்கிக் குடிப்பாள். கன்னியம்மாள் இரண்டு கையையும் குவித்துக் குனிவாள். நாகவல்லி மேலிருந்து ஊற்றுவாள். அப்படித்தான் ஊர் வழக்கம். அதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று அப்போது நாகவல்லிக்குத் தோன்றவில்லை.

பிறகு இடத்தை அமைக்கத் தொடங்கினாள். காலையிலும் மத்தியானத்திலும் சாயந்திரத்திலும் நிழல் எங்கே விழுகிறது என்று கல் வைத்து அடையாளம் பார்த்தாள். சாயந்திர நிழல் நீளும் பக்கத்தில் தரையைப் போடுவது என்று தீர்மானித்தாள். விலைபோகாமல் சூளையில் கிடந்த முறுகிய கற்கள் கறுத்துக் கோணலாக இருந்தாலும் கெட்டியானவை. அவற்றைப் பதித்து, மழைத்தண்ணீர் வாழைக்குப் போகும்படி லேசாகச் சரிவு கொடுத்தாள். மூங்கில் கால் நட்டு மேற்கே மட்டும் ஒரு பந்தல் போட்டு முல்லை ஏற்றினாள். கொட்டகையில் உடைந்து கிடந்த கல்தொட்டியின் நீளப் பலகை ஒன்றைச் செங்கல் திண்டுகளின் மேல் வைத்தபோது நல்ல பெஞ்சாகிவிட்டது. ஓரத்தில் ஈர மணலைக் குவித்து அதன்மேல் பானை. கொசுவுக்கு மூட்டம் போட வேலியோரம் நொச்சி. கிளையில் ஒரு அரிக்கேன் விளக்கு. மண்ணெண்ணெய் கிடைக்கிற நாளில் மட்டும்.

ஜெயராமன் பட்டணம் போனபோது மூர் மார்க்கெட்டில் பழைய ஈசிசேர் ஒன்று வாங்கி வரச் சொன்னாள். வந்தது. கட்டை நன்றாயிருந்தது, துணியில் யார் யார் தலை எண்ணெயோ ஊறியிருந்தது. அவள் துணியைக் கழற்றிச் சவுக்காரம் போட்டுக் கொதிக்க வைத்தாள். கறுப்புத் தண்ணீர் வந்தது. அது தெளியும் வரை மறுபடி மறுபடி கொதிக்க வைத்துக் காயப்போட்டு மாட்டினாள்.

முதல் நாள் சாயந்திரம் வேலையை எல்லாம் முடித்துவிட்டு வந்து அதில் சாய்ந்தாள். ஏரிக்காற்று நேராக முகத்தில் பட்டது. நீர்க்காகங்கள் வரிசையாகக் கூட்டுக்குப் போயின. எரிந்துகொண்டிருந்த கண்ணை மூடினாள். அடுத்த நாள் சோற்றையும் அங்கேயே கொண்டுவந்து சாப்பிட்டாள். முப்பத்தைந்து வயதில்தான் முதன்முதலாகப் புகையில்லாமல் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். முல்லை பூக்கும் வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

அப்புறம் எத்திராஜ் வந்தான்.

எத்திராஜ் பட்டணத்துக் கட்டட கண்ட்ராக்டர். பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் பின்னால் கரி அடுப்புக் கட்டி ஓட்டுகிற மோட்டாரில் வருவான். வண்டி நின்றதும் கரிப்புகையும் அவன் பூசியிருக்கும் அத்தரும் சேர்ந்து ஒரு வாடை வரும். பட்டு ஜிப்பா, ஒரு பல்லுக்குத் தங்கப் பூண், வாயில் எப்போதும் வெற்றிலை. சூளைக் கல்லைப் பார்க்க வந்தவன் புங்கமரத்தடியைப் பார்த்துவிட்டான்.

“அடேங்கப்பா! ஜெயராமா, கவர்னர் பங்களா மாதிரி வெச்சிகினு கீறியே நைனா!” என்று ஈசிசேரில் பொத்தென்று விழுந்தான்.

ஜெயராமன் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. “எல்லாம் ஒங்களுக்குத்தான் அண்ணாத்தே,” என்றான்.

அடுப்பங்கரையில் நின்ற நாகவல்லி அதைக் கேட்டாள். மரத்தடி தன்னைவிட்டுப் போய்விட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வாரத்துக்கு இரண்டு தடவை வந்தான். கூட இரண்டொரு ஆட்கள், பாட்டில், வறுத்த மீன். மறுநாள் காலையில் நாகவல்லி துடைப்பத்தோடு போவாள். அவள் பதித்த கல் இடுக்குகளில் வெற்றிலைச் சாறு உறைந்து ரத்தம் மாதிரி காய்ந்திருக்கும். பானையைச் சுற்றியிருந்த மணலில் யாரோ வாய் கொப்பளித்த சோற்றுப் பருக்கை. கல்பெஞ்சின் மேல் கடித்துத் துப்பிய நகம். ஈசிசேர்த் துணியில் தலை வைக்கும் இடத்தில் வட்டமாக எண்ணெய்க் கறை. ஒரு நாள் எத்திராஜ் அவள் கண்ணெதிரே முல்லைக்கொடியை ஒடித்து அந்தக் குச்சியால் பல்லைக் குத்தி, நுனியில் வந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சாணம் கரைத்துக் கழுவினாள், சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். கல்லில் கறை போனாலும் உட்கார முடியவில்லை. சாய்ந்தால் அந்த எண்ணெய் வட்டம் பின்கழுத்தில் ஒட்டுவது போலிருந்தது.

“மாமா, அந்தாள சூளையாண்ட ஒக்கார வெச்சிப் பேசு,” என்றாள். “அங்க நான் கால் வெக்கக்கூட முடியல. கொமட்டுது.”

“ஒனக்கு இன்னாதான் கொமட்டல? அவுரு இல்லன்னா கல்ல யாரு வாங்கறது? ஒரு பெரிய மனுசன் நம்ம ஊட்டாண்ட வந்து ஒக்காரறாரு. அத்தப் பாத்து சந்தோசப்படுவியா?”

“பெரிய மனுசன் எச்சிய நான்தானே வாரறேன்?”

“வாருனா இன்னா, கையி தேஞ்சிடுமா?”

அவள் மறுபடி அடுப்பங்கரைப் புகைக்குப் போனாள். கண் மறுபடி ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது.

ஆடி மாசத்தில் ஒரு சாயந்திரம். எத்திராஜும் கூட்டாளி ஒருவனும் உட்கார்ந்திருந்தார்கள். சூளையிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கன்னியம்மாளை ஜெயராமன் கூப்பிட்டு, உள்ளேயிருந்து மீன் தட்டை வாங்கி வந்து வைக்கச் சொன்னான். அவள் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள். எத்திராஜ் உட்கார்ந்தபடியே அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். இழுத்து, மீன் எண்ணெய் வழிந்த கையை அதில் துடைத்தான். ஒவ்வொரு விரலாக, நிதானமாக. பிறகு அதே துணியால் வாயையும் துடைத்துக்கொண்டான். வெற்றிலைச் சிவப்பு நீளமாக இழுபட்டது.

“துண்டக் காணமேன்னு பாத்தேன்,” என்றான். “நல்லாத்தான் கீது துண்டு.”

கூட்டாளி உரக்கச் சிரித்தான். கன்னியம்மாள் ஒரு கையால் மார்புச் சேலையைப் பிடித்துக்கொண்டு கட்டை மாதிரி நின்றாள். ஜெயராமனும் சிரித்தான். பெரிய மனுஷர்களைப் பார்த்தால் சிரிக்கிற அந்தச் சிரிப்பு.

நாகவல்லி அடுப்பங்கரை வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். ஈ உட்கார்ந்த சோற்றுக்கே வாந்தி எடுக்கிறவளுக்கு அப்போது குமட்டல் வரவில்லை. வயிற்றில் ஏதோ கல்லாக இறங்கி அப்படியே நின்றது. விடுவிடுவென்று நடந்து போய் எத்திராஜின் கையிலிருந்து முந்தானையைப் பிடுங்கி, கன்னியம்மாளைத் தோளில் அணைத்துக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆம்பிளைகள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

துவைக்கும் கல்லில் கன்னியம்மாளை உட்கார வைத்தாள். கன்னியம்மாள் முந்தானையைச் சுருட்டிக் கறையை மறைத்தாள்.

“உடுக்கா. தொவச்சா போயிடும்,” என்றாள் மெதுவாக.

“போவாது,” என்றாள் நாகவல்லி. “அத்தக் கயிட்டு. இந்தா, என்னுது.”

கொடியில் காய்ந்த தன் சேலையை எடுத்துக் கொடுத்தாள். அழுக்குச் சேலையை அடுப்பில் போட்டுவிட்டு வந்தாள். செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். கன்னியம்மாள் வழக்கம் போலக் கையைக் குவித்துக் குனிந்தாள். அந்தக் குவிந்த கையைப் பார்த்ததும் நாகவல்லிக்குச் சுரீரென்றது. அவள் வாய் படக்கூடாது என்று இத்தனை நாள் மேலிருந்து ஊற்றியது யார்? எத்திராஜ் வந்து கற்றுக்கொடுத்தானா? தன்மீதே ஒரு அருவருப்பு எழுந்தது. அது அவளுக்குப் புதுசு.

“கைய எடு. செம்ப வாயில வெச்சிக் குடி,” என்றாள்.

“தீட்டுன்னு பேசுவாங்க அக்கா.”

“பேசட்டும். குடி.”

விடிந்ததும், ஜெயராமன் சூளைக்குப் போன பிறகு, நாகவல்லி கொட்டகையிலிருந்த இரண்டு எருமைகளையும் அவிழ்த்துக் கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் கட்டினாள். ஈசிசேர்க் கட்டையை விறகாகப் பிளந்தாள். எருக்குழியிலிருந்து கூடை கூடையாகச் சுமந்து வந்து, தான் பார்த்துப் பார்த்துப் பதித்த தரை முழுவதும் எருவைக் கொட்டினாள். ஆளைக் கூப்பிடவில்லை. பொழுது சாய்வதற்குள் கல்லே தெரியவில்லை. எருமைகள் முல்லைக்கொடியை எட்டிய வரை தின்றுவிட்டன. ஈ அப்பிக்கொண்டது.

ஜெயராமன் வந்து பார்த்தான். அப்புறம் கத்தினான்.

“இன்னாமே பண்ணிகினு கீற? புத்தி கித்தி கெட்டுப்பூட்ச்சா ஒனக்கு?”

“மாடு கட்டிகீறேன்.”

“நாளைக்கு அவுரு வராரு! இந்த நாத்தத்துல எப்பிடிமே ஒக்காருவாரு?”

“இது நாத்தமில்ல. சாணி. இது எனக்குக் கொமட்டாது.”

அவன் கையை ஓங்கினான். அதுவரை ஓங்கியதில்லை. அவள் நகரவில்லை. “அடி. ஆனா ஒண்ணு சொல்றேன். அவன் தொடச்சதுகூட பெருசில்ல மாமா. நீ சிரிச்ச. நான் பாத்தேன்.”

கை இறங்கியது. “வெளையாட்டுக்குப் பண்ணாருமே…” என்று ஏதோ தொடங்கினான். நாகவல்லி அதைக் கேட்க நிற்கவில்லை.

சொன்னபடி எத்திராஜ் வந்தான். மோட்டாரிலிருந்து இறங்கி நேராக மரத்தடிக்கு நடந்தவன் வெள்ளை ஷூவோடு எருவில் கணுக்கால் வரை இறங்கிவிட்டான். எருமை ஒன்று வாலைச் சுழற்றியது. பட்டு ஜிப்பாவில் ஈரமாக விழுந்தது. அவன் முகம் போன போக்கை நாகவல்லி வாசலில் நின்று பார்த்தாள். “ச்சீ! ச்சீ! இன்னாடா எடம் இது!” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தான். இருபது வருஷமாக ஊர் கேலி பண்ணின அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள். ஜெயராமன் செம்பில் தண்ணீரோடு அவன் காலடிக்கு ஓடினான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

எத்திராஜ் அப்புறம் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் கல்லை விடவில்லை. சூளைக்கே வந்து, வெயிலில் நின்றபடி பேசிவிட்டுப் போவான். அவன் சகவாசம் போனால் தொழிலே போய்விடும் என்று ஜெயராமன் பயந்ததெல்லாம் வீண். அவன் வருகிற நாட்களில் கன்னியம்மாள் வேலைக்குப் போக மாட்டாள். நாகவல்லி அவளைத் தன் வீட்டு மாட்டு வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் மாசக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. அவள் சோறு போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அவன் மெல்லும் சத்தத்தைக் கேட்டால் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துவிடும். ஒரே கூரையின் கீழ் இருக்கிற மனுஷன்மேல் வருகிற அருவருப்பு பொல்லாதது. துடைப்பம் எடுத்துக் கழுவித் தள்ளிவிட முடியாது.

மழைக்காலம் கழிந்ததும் வீட்டுக்குத் தெற்கே, கிணற்றுக்கு அப்பால், அவள் வேறொரு இடம் பார்த்தாள். காற்று அங்கே அரைகுறையாகத்தான் வரும். மரமும் இல்லை, நாலு மூங்கில் நட்டுத் தென்னங்கீற்றுப் போட்டாள். கல்பலகையை எருவிலிருந்து தோண்டி எடுத்து, அவளும் கன்னியம்மாளும் நாள் முழுக்கத் தேய்த்துக் கழுவிப் போட்டார்கள். சாய்ந்துகொள்ள ஒன்றும் வைக்கவில்லை. வழியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இடம். சாயந்திரத்தில் இரண்டு பேரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். ஊரில் பேசினார்கள். சூளைக்காரியோடு சரிசமமாக உட்கார்ந்து குடிக்கிறாளே, இவளா சுத்தம் பார்த்தவள் என்று தெருப் பெண்கள் தண்ணீர்த் துறையில் விலகி நின்றார்கள். தாட்சாயிணியின் மாமியார்கூட ஆள் அனுப்பிக் கேட்டாள்.

சண்டை முடிந்த வருஷம், சூளையில் வேலை குறைந்திருந்த ஒரு சாயந்திரம், ஜெயராமன் அங்கே வந்து நின்றான். கன்னியம்மாள் அன்று வரவில்லை; நாகவல்லி மட்டும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“காத்து நல்லாத்தான் வருது,” என்றான்.

அவள் கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள்.

“எத்திராஜ் இனிமே வரமாட்டான். கல்லு வேணான்னுட்டான்.”

“அத்த எதுக்கு என்னாண்ட சொல்ற?”

“நானும் செத்த ஒக்காரட்டா?”

நாகவல்லி கீரையிலிருந்து தலையைத் தூக்கினாள். “கன்னியம்மாளாண்ட கேளு,” என்றாள்.

அவன் முகம் கறுத்தது. சூளைக்காரியிடம் போய் முதலாளி கேட்பதா? திரும்பிப் போய்விட்டான். பத்துப் பதினைந்து நாள் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் கன்னியம்மாள் புல்லுக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, இன்னிக்கி அண்ணன் வழியில என்ன நிறுத்திச்சி. இன்னாவோ சொல்லிச்சி. தப்புதான் கன்னிமான்னு சொன்னது மட்டும் காதுல உழுந்துச்சி. மிச்சம் பாதி வாயிக்குள்ளயே பூட்ச்சி.”

“நீ இன்னா சொன்ன?”

“இன்னா சொல்றது? சரின்னேன். மனசு இன்னும் சரின்னு சொல்லல.”

“சொல்லணும்னு இல்ல,” என்றாள் நாகவல்லி.

அன்று சாயந்திரம் ஜெயராமன் வந்தான். பெஞ்சில் உட்காரவில்லை. தரையில், பந்தற்காலுக்கு அந்தண்டை, ஒரு செங்கல்லைப் போட்டுக்கொண்டு அதன்மேல் குந்தினான். யாரும் அவனை எழுந்திருக்கச் சொல்லவில்லை. பெஞ்சுக்கு வரச் சொல்லவும் இல்லை. நாகவல்லிக்கு வயிற்றில் அந்தக் கல் கரைந்துவிடவில்லை. கொஞ்சம் இடம் விட்டிருந்தது. ஒரு குவளையில் கூழ் ஊற்றிக் கன்னியம்மாளிடம் கொடுத்தாள், இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது குவளையை நிரப்பிப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள். அவன் எட்டி எடுத்துக்கொண்டான்.